பூஜ்யத்துக்கு இடப்பக்கம் தைத்த படலம்

வாழ்க, ஊசிமுனையால் உலகளந்த வீராங்கனை! இருபதாண்டுக் காலம் லட்சம் காலர்களை ஒரு நூல் பிசகாமல் தைத்தவர், நாற்பத்திரண்டு வயதில் பள்ளிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்த தையற்கூடத்துத் தலைமகள், வாழ்க! சூப்பர்வைசர் நாற்காலியில் ஊசிக்கு நூல் கோக்கத் தெரியாதவர் அமரலாம், பத்தாம் வகுப்புத் தேறாதவர் அமரலாகாது என்று நிர்வாகம் முரசறைந்திருந்தது. கணக்குப் பரீட்சையோ ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவரை இருமுறை புறமுதுகிட வைத்திருந்தது. இம்முறையும் தோற்றால் நான்காம் முறை வர அவருக்குத் தெம்பில்லை.

கடைசி வினாவாய் எதிர்நின்றான் −3x + 5 > 17 என்னும் அசமன்பாட்டரக்கன். அவனைத் தீர்த்து எண்கோட்டில் குறித்துக் காட்ட வேண்டும். ஐந்தைக் கழித்துக் கவசத்தைக் களைந்தார். −3x > 12 என்று அரக்கன் பாதியாய் இளைத்தான். மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்பும் என்னும் மந்திரத்தை, முன்னிருமுறையும் காலை வாரிவிட்ட அதே மந்திரத்தை, பல்லைக் கடித்து நினைவுகூர்ந்து ஓங்கி வெட்டவே, வாய்பிளந்து வந்த குறி வாலைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பி, x < −4 என மண்டியிட்டது.

அந்தோ, பழக்கதோஷமே! அளவுநாடா பூஜ்யத்தில் அல்லவா தொடங்கும்? வெற்றிக் களிப்பில் தாளின் இடது ஓரத்திலேயே பூஜ்யத்தை நட்டு, வலப்பக்கம் பத்து வரை பேனாவால் கோடு கிழித்துவிட்டார். மைனஸ் நான்கு வாழும் நாடோ தாளுக்கு வெளியே, வெட்டவெளியில்! அடித்துவிட்டு வேறு வரையலாமே எனின், வெட்டிய துணியை வீசுவது அவர் தொழில் தருமத்துக்கு அடாது. போதாத துணிக்கு ஒட்டுப்போடுவதே வீரம். எழுந்து முழங்கினார்:

“சார், இடது பக்கம் பத்தல. இன்னொரு பேப்பர் குடுங்க!”

“இடது பக்கம் பத்தலயா? என்னம்மா சொல்றீங்க?” என்று மலைத்தபடியே தாளை நீட்டினார் தேர்வறைக் கண்காணிப்பாளர்.

காலரில் குத்தியிருந்த நூல்கோத்த ஊசி, உறையுருவிய வாளென மின்னியது. புதுத்தாளைப் பூஜ்யத்தின் இடப்பக்கம் பொருத்தி, இமைப்பொழுதில் இரட்டைத் தையல் ஓட்டி, கோட்டை நீட்டி, மைனஸ் நான்கின் தலையில் உள்ளே நிரப்பாத வட்டத்தை முடிசூட்டி, அங்கிருந்து இடத்திசை நோக்கி முடிவிலி நடுங்க அம்பை ஏவினார் அந்த அசமன்பாட்டாந்தகி!

அடியிலிருந்த விடைத்தாளின் நான்கு பக்கங்களும் சேர்ந்து தைபட்டிருந்ததால், மணி அடித்த பிறகு தையலைப் பிரித்து, ஒட்டை மேல்தாளோடு மட்டும் மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். ரிசல்ட்டில், முப்பத்தைந்து மார்க்கில் பாஸ்.