மைக்கைப் பாட வைத்தவர்

மலாயாவில், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் மைக்கில் பாடியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். மைக்கையே பாட வைத்தவர் ஒருவர்தான்: 'கொய்ங்' அண்ணன்.

ரந்தாவ் பக்கம் நான் கிராணியாகக் கணக்கெழுதிய தோட்டத்தில் அவர் மின்சார இன்ஜின் ஓட்டுபவர். கோயில் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பு. ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கைக் காட்டினால் 'கொய்ங்' என்று கத்துமே, எல்லாரும் அணைக்க ஓடுவார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்பார். மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஸ்வரம் ஏறும், திருப்பினால் இறங்கும் என்று கண்டுவைத்திருந்தார். "அதுவும் ஒரு தொண்டதான்லா. நீங்கதான் நெரிச்சுப்புடுறீங்க" என்பார்.

அதற்காகவே மூன்று உருப்படிகள் கட்டினார். பால் வெட்டும் அஞ்சலையின் குரல், ஒரு ஆர்மோனியம், ஒரு உறுமி, நடுவில் மைக்கின் 'கொய்ங்'. ஒத்திகைக்கு ஏழு நாய்கள் தவறாமல் வந்து கூடவே ஊளையிட்டன, எண்ணியிருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவில் அரங்கேற்றம். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று நின்று, "யாருடி அடுப்புல கெட்டில வச்சுட்டு வந்தது?" என்று கேட்டுவிட்டாள். கோயில் தலைவர் அன்றே அண்ணனை விரட்டிவிட்டார்.

பிறகு, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஊரடங்கை அறிவிக்கக் கேட்டில் ஓர் ஒலிபெருக்கி. கோயில் விரட்டியவரை சர்க்கார் கூப்பிட்டு அதற்கு வைத்தது.

ஒருநாள் காலையில் அஞ்சலையின் புருஷன், வேலையாட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர், பால்மரத்தடியில் சுடப்பட்டுக் கிடந்தார். சுட்டது காட்டுக்காரர்கள் என்று ஒரு கதை, பட்டாளம் என்று ஒரு கதை. இரண்டையும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. உடலை லயத்துக்குக் கொண்டுவர விடாமல், வேலிக்கு வெளியே இடுகாட்டில் காவலர்களே புதைத்துவிட்டார்கள். ஒப்பாரி இல்லாத சாவு. அஞ்சலை அழவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றப் போக அனுமதி கேட்டாள். கிடைக்கவில்லை.

அன்று மாலை ஊரடங்கை அறிவித்து முடித்ததும், கொய்ங் அண்ணன் ஏணி போட்டு ஒலிபெருக்கியை இடுகாட்டுப் பக்கம் திருப்பினார். மைக்கை அஞ்சலையின் முன்னால் பிடித்தார்.

"பாடு தாயி. அவருக்குக் கேக்கும்."

ஆர்மோனியமும் உறுமியும் மெல்லச் சேர்ந்தன. இரண்டாவது அடியில் அவள் குரல் அறுந்தது. அறுந்த இடத்தில் மைக் எடுத்துக்கொண்டது. அண்ணன் மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அவள் போயிருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் அந்தக் 'கொய்ங்' போனது. அவள் மூச்சு வாங்கி மேலே வந்து சேரும்வரை விடாமல் நின்றது. லயத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஏழு நாய்களில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைக்கார சார்ஜன் ஓடிவந்தான். காட்டுக்காரர்களுக்கு என்ன சிக்னல் கொடுத்தாய் என்று கேட்டான்.

"சிக்னல் இல்லீங்க தொரை. ஒப்பாரி."

மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. எத்தனை விதமாகச் சொல்லியும் அவனுக்கு விளங்கவில்லை.

கைது செய்து லாரியில் ஏற்றும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "மைக்க மழையில விட்டுராதீங்க கிராணி ஐயா" என்றார். இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பிறகு கேள்வி. அங்கே அவருக்கு யாரும் கிடையாது, பிறந்ததே இங்கே கெமாஸில்.

ஒப்பாரி வைத்த அன்றிரவுதான் அஞ்சலை சோற்றில் கை வைத்தாள்.

இப்போதும் சிரம்பான் கல்யாண மண்டபங்களில் மைக் கத்தினால் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் பொத்துவதில்லை. அதை அணைக்காமல் இன்னும் கொஞ்சம் விடமாட்டார்களா என்றிருக்கிறது.