டமாரம் என்கிற ரோபோவும் என் இரண்டு கண்களும்

என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று நிரூபிப்பதற்காக, போன மாதம் நான் ஒரு ரோபோவாக மாறுவதென்று முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தன் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறான் என்றால், வீட்டில் அவன் நிலைமை என்னவாக இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கோளாறு இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்? நாலு மாதமாகவே இருந்தது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் எல்லாம் தெரியும். மேஜை தெரியும், அதன் மேல் இருக்கிற டம்ளர் தெரியாது. கதவு தெரியும், பூட்டு தெரியாது. மனைவியின் கைகள் தெரியும், முகம் தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தில் ஆரம்பத்தில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் பார்ப்பது கிரேன் வேலை. கட்டிடம் கட்டுகிற இடங்களில் ஆகாயத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த உயரமான கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகக் கம்பியும் பலகையும் தூக்கி இறக்குகிறேன். என் மனைவியின் குரல் எட்டாத ஒரே இடம் உலகத்தில் அதுதான். தரையில் என்னை எல்லோரும் "இங்க வா, அதை எடு" என்று ஏவுவார்கள். மேலே ஏறிவிட்டால் ராஜா.

தரையில் நின்று கையைக் காட்டியும், வாக்கிடாக்கியில் "இன்னும் இடது... மெதுவா... இறக்கு" என்றும் எனக்கு வழி சொல்கிறவன் என் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. நான் இறக்குகிற பாரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே நிற்பவன் அவன். என் கறுப்பு வட்டத்துக்கு நட்டநடுவில் நிற்பவனும் அவன்தான்.

மனைவிக்குச் சந்தேகம் வந்தது டீயால். ஃபிளாஸ்கிலிருந்து நானே ஊற்றினேன். டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன்.

"என்னங்க, டம்ளர் இங்க இருக்கு."

"தெரியும். மேஜையைக் கழுவலாம்னு பார்த்தேன்."

"டீயிலயா?"

"கறை நல்லாப் போகும்."

"கண்ணுல ஏதாவது கோளாறா?"

"யாருக்கு?"

"டம்ளருக்கு."

"கம்பெனியில ரெண்டு மாசம் முன்னாடிதான் கண்ணு டெஸ்ட் பண்ணாங்க. பாஸ்!" என்றேன். அது உண்மை. அந்த அறையில் பல வருஷமாக ஒரே எழுத்து அட்டைதான் தொங்குகிறது. அதன் கடைசி வரியை நான் தலைகீழாகவும் ஒப்பிப்பேன்.

அவள் விடவில்லை. அடுத்து ஆட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஆட்டம் என்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு மேஜையில் நடக்கும் விண்வெளி ஆட்டம். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று வாயாலேயே விளையாடுவோம். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். பாத்திரத்தின் பலம், அறிவு, பார்வை எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். ஆட்டப் பெட்டியைக் கொண்டுவந்தவன் மச்சான். முதலில் கதை நடத்தியவனும் அவன்தான். அவனுக்கு இளகின மனசு, யாரையும் சாக விடமாட்டான். பிறகு என் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான் ஐந்து தடவை செத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பகடையை உருட்டிவிட்டுக் கம்பீரமாக, "பதினேழு!" என்றேன்.

"அதுக்குள்ள எப்படிங்க பதினேழு?" என்றாள் மனைவி. "அது இன்னும் சோபாவுக்கு அடியில உருண்டுட்டு இருக்கு."

மச்சான் குனிந்து எடுத்து, "பதினேழுதான்க்கா" என்றான். நல்ல பையன். ஆனால் அவள் விடுவாளா?

"சரி, அடுத்த வாரம் உங்க தாளை நீங்களே வாசிங்க. தொண்டை கட்டியிருக்கு, மூக்கு அடைச்சிருக்குன்னு தம்பிகிட்ட நீட்டக் கூடாது. தடுமாறாம வாசிச்சுட்டீங்கன்னா, கண்ணுங்கிற பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"வாசிக்கலைன்னா?"

"அன்னிக்கே வேலையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட வரணும்."

என் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்தது. பழைய பாத்திரம்தான் செத்துப்போய்விட்டதே, புதிதாக ஒன்று வேண்டும். எனக்கு உச்சி முதல் பாதம்வரை மனப்பாடமான பாத்திரம் ஒன்று இருக்கிறது: டமாரம். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் வாராவாரம் வந்த தொடரின் ரோபோ. தகர உடம்பு, ஒற்றைக் கண். அந்தக் கண்ணால் பக்கத்து கிரகத்தில் சட்டைப் பித்தான் விழுந்தாலும் பார்த்துவிடும். அதை அச்சு அசலாக எங்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், நானே சொல்லி அவளே எழுதிய தாளை நான் பார்த்தா வாசிக்கவேண்டும்?

மறுநாள் சாயங்காலமே டமாரத்தைக் கட்ட உட்கார்ந்தோம். எங்கள் கூட்டத்தின் நாலாவது ஆளான பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வந்துவிட்டார். ஆட்டத்தில் அவர்தான் கப்பல் கேப்டன். அந்தத் தொடரின் ஒரு வாரத்தையும் அவர் தவறவிட்டதில்லை. அதுதான் தொல்லை.

"பார்வைக்கு எத்தனை?" என்றாள் மனைவி, பேனாவோடு.

"இருபது."

"அண்ணே, அதுக்கு ஒத்தைக் கண்ணு. பத்து குறைங்க" என்றார் தையல்காரர்.

"ஒத்தைக் கண்ணுன்னா என்ன? ஊசியில நூல் கோக்கும்போது நீங்க எத்தனை கண்ணை மூடுறீங்க?"

"ஒண்ணை."

"அப்புறம்?"

தையல்காரர் அடங்கினார்.

"விரல்?"

"இடது கையில மூணு. நாலாவது எரிகல் பட்டு உடைஞ்சுபோச்சு."

"பொய் சொல்ற திறமை?"

"பூஜ்யம். டமாரத்துக்குப் பொய்யே வராது."

அவள் பேனா நின்றது. முகத்தைப் பார்த்தேன். வட்டம்தான் தெரிந்தது.

"யாரை மாதிரியும் இல்லாத ஒரு பிறவியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதினாள். மொத்தம் இருபத்தாறு வரி. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது ஒரு தடவை, குளிக்கும்போது ஒரு தடவை ஒப்பித்தேன்.

புதன்கிழமை அது நடந்தது. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு கட்டுக் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தேன். வாக்கிடாக்கியில் மச்சானின் குரல் "இடது" என்று ஆரம்பித்துக் கரகரவென்று அறுந்துபோனது. நிறுத்தியிருக்க வேண்டும். வழி சொல்கிற குரல் அறுந்தால் பாரத்தை அப்படியே நிறுத்த வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், கையைக் காட்டினானே, தெரியவில்லையா என்பார்கள். அதனால் ஒரு உத்தேசத்தில் இறக்கினேன். கீழே யாரோ அலறினார்கள்.

இறங்கி வந்தபோது மச்சான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தலைக்கவசத்தின் ஒரு பக்கம் கம்பி உரசிச் சிராய்ந்திருந்தது.

"காத்து ஜாஸ்தி மாமா இன்னிக்கு" என்றான்.

அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நாளை வந்தது, பயமும் கூடவே வந்தது. கூண்டை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? ஆகவே டமாரத்தை இன்னும் நாலு தடவை ஒப்பித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு எதிரே மனைவி, இடது பக்கம் மச்சான், வலது பக்கம் தையல்காரர். மனைவி ஒரு தாளை நீட்டினாள். எழுந்து நின்றேன். கையை நீட்டித் தாளைப் பிடித்தேன். தொண்டையைச் செருமினேன்.

"பெயர், டமாரம். வகை, ரோபோ. உயரம், ஏழடி. பலம், பதினாலு. அறிவு, பன்னிரண்டு. பார்வை..." இங்கே ஒரு இடைவெளி விட்டு மனைவி இருந்த திசையை ஒரு பார்வை பார்த்தேன். "இருபது!"

தையல்காரர் இருமினார்.

"இடது கை விரல், மூணு. பொய் சொல்லும் திறமை, பூஜ்யம்."

தையல்காரர் மறுபடியும் இருமினார். என் முழங்கையை லேசாக இழுத்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். இருபத்தாறு வரி. ஒரு தடுமாற்றம் இல்லை. இரண்டு இடத்தில் புருவத்தைச் சுருக்கி, "என்ன கையெழுத்தும்மா இது" என்று வேறு சொன்னேன். அடேயப்பா, என் நடிப்பில் எனக்கே மயக்கம் வந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது."

"கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"புது ரூல். பாத்திரத்தோட பலவீனத்தை ஆட்டக்காரர் ஒத்துக்கணும்."

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன். ஜெயித்தவன் போடுகிற கையெழுத்து, கொஞ்சம் நீளமாகவே போட்டேன்.

"சத்தியம் பண்ணிருக்கே. இனிமே கண்ணுங்கிற பேச்சு..."

"நான் எடுக்க மாட்டேன்" என்றாள். "தம்பி, நீ வாசி."

மச்சான் என் கையிலிருந்து தாளை வாங்கினான். நாற்காலி கிறீச்சிட்டது.

"மேனேஜர் ஐயா அவர்களுக்கு" என்று வாசித்தான். "வணக்கம். கடந்த சில மாதங்களாக என் இரண்டு கண்களிலும் நேர்ப் பார்வை இல்லை. இதை நான் எல்லோரிடமும் மறைத்துவிட்டேன். புதன்கிழமை நான் இறக்கிய கம்பிக்கட்டு, கீழே நின்ற என் மைத்துனரின் தலையை உரசியது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை என்னைக் கிரேனில் ஏற்றவேண்டாம் என்று..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தையல்காரர் இருமலையும் நிறுத்திவிட்டார்.

"அதுக்குத்தான் அண்ணே முழங்கையைப் பிடிச்சு இழுத்தேன்" என்றார் மெதுவாக.

"புதன்கிழமையைப் பத்தி யார் சொன்னது?" என்றேன் மனைவியிடம்.

"இவனா வந்து சொல்லலை. இவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆணியில அடிபட்ட ஹெல்மெட் மாட்டியிருந்துச்சு. கேட்டேன், அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான். நான் எழுதிக் குடுத்தா உங்க மேனேஜர் புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நினைப்பாரு. உங்க கையெழுத்து வேணும். அதுக்குத்தான்."

நான் மச்சான் பக்கம் திரும்பினேன். "உனக்கு எத்தனை நாளாடா தெரியும்?"

"ரெண்டு மாசமா மாமா."

"தெரிஞ்சுமா கீழ நின்னே? வேற ஆளை நிறுத்தச் சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"உங்க கண்ணைப் பத்தி வேற ஆளுக்குத் தெரியாதே மாமா" என்றான். "நானாவது தாவுவேன்."

அப்போதே நான் அந்தப் பையனின் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என் மனைவி அழ ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என் முன்னால் அழுதது இதோடு இரண்டாவது தடவை.

"அவன் என் தம்பி, நீங்க என் புருஷன்" என்றாள். "தினமும் ரெண்டு பேருக்கும் ஒரே கையால சோறு கட்டிக் குடுக்கிறேன். கீழ இருக்கிறவன் வீடு வந்து சேரணும்னு வேண்டுறதா, மேல இருக்கிறவர் வேலை நிலைக்கணும்னு வேண்டுறதா? நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லாதவனுக்குக் கோபம்தான் வரும், எனக்கும் வந்தது. மச்சான் தாளைக் கீழே வைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மேஜை விளிம்பில் வெள்ளையாக ஒரு தாள். ஒரே எட்டில் பிடுங்கினேன். ரெண்டாகக் கிழித்தேன். நாலாக்கினேன். எட்டாக்கி மேஜையில் இறைத்தேன்.

"லெட்டராம் லெட்டர்! இப்ப எங்கே உன் லெட்டர்? நாளைக்குக் காலையில நான் மேல ஏறத்தான் போறேன். எவன் தடுக்கிறான்னு பார்ப்போம்!"

தையல்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே... நீங்க கிழிச்சது மேஜையில கிடந்த டமாரத்தோட தாளை."

"அப்ப லெட்டர்?"

மச்சான் என் தோளைத் தொட்டு, அப்படியே தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பிவிட்டான்.

நான் கிழிக்க ஆரம்பித்ததிலிருந்தே மனைவி அந்த லெட்டரை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் நின்றாளாம்.