எட்டாவது மாடிக்கு ஒரு பொன்னாடை

வாழ்க்கையில் ஒரே ஓர் அரசியல்வாதிக்காகத்தான் நான் வேலை செய்திருக்கிறேன். அந்தக் கையை இன்னமும் கழுவிக்கொண்டிருக்கிறேன், அழுக்குப் போனபாடில்லை. இதைச் சிரித்துக்கொண்டே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் சிரிக்க முடிகிறதோ, பார்ப்போம்.

மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் எங்கள் வீடு அடுக்குமாடியின் எட்டாவது மாடியில். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. மின்தூக்கியும் போய்விட்டது. முட்டிக்காவது தைலம் உண்டு. மின்தூக்கிக் கதவில் ‘ரோசாக்’, அதாவது பழுது, என்று மலாயில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது. (அந்த அட்டையை மட்டும் தவறாமல் புதிதாக மாற்றுவார்கள்!) கிளினிக்குக்குப் போகும் நாளில் நானும் பக்கத்து வீட்டு அசிஸ் பாயும் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படிப்படியாக இறக்குவோம். பார்க்கச் சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். சாமி மட்டும் வழி நெடுக எங்களைத் திட்டிக்கொண்டே வரும்.

அந்தச் சமயத்தில்தான் டத்தோ வந்தார். ஒரு கட்சியின் மாநிலத் தலைவர். எந்தக் கட்சி, என்ன பெயர் என்றெல்லாம் கேட்காதீர்கள். ‘டத்தோ’ என்று அரசு தந்த பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும், அவருக்கும் அதுதான் பிடிக்கும். கட்சித் தேர்தலில் அந்தத் தலைவர் நாற்காலியை மறுபடியும் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் அடுக்குமாடிப் பொங்கலுக்கு வந்தவரிடம் மின்தூக்கியைப் பற்றிச் சொன்னேன். என் தோளில் கையைப் போட்டார்.

“தம்பி, மேலிடத்துக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிது லா. தேர்தல் முடியட்டும், மொத வேலை உங்க லிஃப்ட்தான். அதுவரைக்கும் நம்ம கூட இரு.”

இருந்தேன். அந்தத் தேர்தலில் ஓட்டுப்போடுவது கிளைகளிலிருந்து வரும் பேராளர்கள். எனக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் மாநிலத்தின் தலைவிதியே என் கையில் இருப்பதுபோல ஓடினேன். கொடி கட்டினேன், வண்டி ஓட்டினேன், அவர் மேடையில் இருமினால்கூட நான்தான் முதலில் கை தட்டினேன். (படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் மூளையையே கெடுத்துக்கொண்டேன்.)

தேர்தலுக்கு முன் பேராளர்களுக்கு ஒரு பெரிய விருந்து. எனக்குக் கொடுத்த பொறுப்பு பொன்னாடை. டத்தோ வீட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே மேலிருந்து கீழ்வரை சால்வைகள், எல்லாம் மேடைகளில் அவருக்கு வந்தவை. நம் ஆட்களிடம் இது ஊரறிந்த வழக்கம்தான். இங்கே போர்த்திக்கொண்ட பொன்னாடையை அடுத்த மேடையில் இன்னொருவருக்குப் போர்த்துவார்கள். தெரியாதவர் கிடையாது, வாய்திறப்பவரும் கிடையாது. ஒரே ஒரு விதி: கொடுத்தவர் தோளுக்கே அது திரும்பிப் போகக்கூடாது.

“நல்லதா பாத்து எடுத்துக்க தம்பி,” என்றார் டத்தோ.

நான் நல்லதாகவே பார்த்து எடுத்தேன். அடியில் ஒன்று, மடிப்புக் கலையாமல் இருந்தது. பச்சைப் பட்டில் பழைய அரக்குக் கரை வைத்து, கையால் நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள். சுங்கை பாக்காப் ஊரின் சரோஜா அக்கா மகளிர் பிரிவின் தலைவி. அவர் கை காட்டும் பக்கம்தான் பெண் பேராளர்கள் சாய்வார்கள். மிகச் சிறந்த சால்வை மிக முக்கியமானவருக்கு! என்ன அறிவு எனக்கு!

விருந்து மண்டபம் நிரம்பி வழிந்தது. சரோஜா அக்கா தீவுக்கு வரும் பாலத்து நெரிசலில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்து மேடையேறினார். நான் தட்டை நீட்டினேன். டத்தோ அந்தப் பச்சைப் பட்டை எடுத்து அக்காவின் தோளில் போர்த்தி, மைக்கில் உருகினார்.

“நம்ம சரோஜா அக்காவுக்காகக் காஞ்சிபுரத்துல சொல்லி நெய்ய வச்சது!”

அக்கா கரையைத் தொட்டுப் பார்த்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு மைக்கை வாங்கினார்.

“காஞ்சிபுரமா டத்தோ? இது என் கல்யாணச் சேலைக் கரை லா. என் வீட்டுக்காரர் போன பிறகு பிரிச்சு, நானே தைச்சு, போன தீபாவளிக்கு உங்களுக்குக் குடுத்தேன். என் மடிப்புத் தடம்கூட கலையல. ஒரு தடவகூட பிரிச்சுப் பாக்கலியா?”

மண்டபத்தில் மீன் தலைக் கறியை உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். டத்தோவின் முகம் ஒரு நொடிதான் கறுத்தது. உடனே சிரித்தார், திரும்பினார், விரலை என்னை நோக்கி நீட்டினார்.

“இந்தத் தம்பி பண்ணுன தப்பு. புது ஆளு. தம்பி, அக்காகிட்ட மன்னிப்பு கேளு.”

கேட்டேன்! அவருடைய அலமாரி, அவருடைய பொய், மன்னிப்பு மட்டும் என்னுடையது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘தெரியாம எடுத்துட்டேன் அக்கா’ என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குழறினேன். மனசுக்குள் எட்டு மாடிப் படிக்கட்டும் அம்மாவின் முட்டியும்தான் ஓடின. இவரை இப்போது பகைத்துக்கொண்டால் மின்தூக்கி போச்சு!

அக்கா என்னைத்தான் பார்த்தார். “நீ எதுக்குப்பா மன்னிப்பு கேக்குற?” என்றார். சால்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் டத்தோ மறுபடியும் வென்றார். சரோஜா அக்கா ஓட்டுப் போட வரவே இல்லை. மற்ற பேராளர்கள் வந்து டத்தோவுக்கே போட்டார்கள். அவரவர் வீட்டு அலமாரியும் அப்படித்தானே இருக்கிறது!

மின்தூக்கி? நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், கும்பிடும் கைப் படம் ஒன்று வந்தது. அவர் எங்களை மறந்தே போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஒருநாள் அவரே இரண்டு காரில், படம் எடுக்கிறவரோடு, வாக்குறுதியை விட்டுவிட்டுப் பொன்னாடையோடு எங்கள் அடுக்குமாடிக்கு வந்து இறங்கினார். தாய்மார்களுக்கு மரியாதை செய்கிறாராம். ‘ரோசாக்’ அட்டையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார்.

“அம்மாவக் கீழ கூட்டிட்டு வந்துரு தம்பி. ஒரு படம் எடுத்துட்டுப் போயிரலாம்.”

“லிஃப்ட் எங்க டத்தோ?” என்றேன்.

“ப்ரோசஸ்ல இருக்கு லா.”

“அப்ப ஒண்ணு செய்வோம். மேல நாற்காலி இருக்கு. நீங்க உக்காருங்க, நானும் அசிஸ் பாயும் தூக்கிட்டுப் போறோம். எங்களுக்குப் பழக்கம்தான்!”

என் தொண்டை கிழிந்த சத்தத்தில் எல்லா மாடியிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. எட்டாவது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

“யார்ரா அது?”

“டத்தோ மா! உனக்குப் பொன்னாடை போத்தணுமாம்!”

“எனக்கு எதுக்குடா? நான் இன்னும் சாகல! செத்ததுக்குத்தான் துணி போத்துவாங்க, அந்த லிஃப்டுக்குப் போத்தச் சொல்லு!”

அடுக்குமாடியே சிரித்தது. அசிஸ் பாய், டத்தோவின் உதவியாளர் கையிலிருந்த சால்வையை மரியாதையாக வாங்கி, மின்தூக்கிக் கதவில் அந்த அட்டையின் மேலேயே தொங்கவிட்டார். டத்தோ காரில் ஏறிய வேகத்தில் செருப்புக் கழன்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் மின்தூக்கிக்குப் பெயர் டத்தோ. அவ்வப்போது யாராவது வந்து தட்டிக்கொட்டுவார்கள், நாலு நாள் ஓடும், மறுபடி படுத்துவிடும். “டத்தோ எந்திரிச்சாராடா?” என்று அம்மா காலையில் கேட்பார். “இல்லமா.” “மேல போனா கீழ இருக்கவங்க ஞாபகம் எங்கடா இருக்கும்!” வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை சொல்லப்படும், செருப்புக் கழன்ற இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் கிளினிக்குக்கு நேரமாகிவிடும், அசிஸ் பாய் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடிப்பார், நான் மறுபக்கத்தைப் பிடிப்பேன்.