முருகனை இரண்டு முறை விரட்டியவன்

நான் சாமி கும்பிடுகிறவன். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறேன் (கடைசி இரண்டு நாள் கொஞ்சம் தடுமாறும், அதை விடுங்கள்). அப்படிப்பட்ட நான், ஒரே வாரத்தில் பிள்ளையார், லட்சுமி, மாரியம்மன் எல்லோரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். முருகனை மட்டும் இரண்டு முறை. இரண்டாம் முறை காரணம்கூடச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வாளிகள் வரிசையாக வரும். தூக்கிப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவேன். நல்ல வாளியைப் பார்த்து வியப்பது என் வேலை இல்லை. இந்தக் குணத்தோடு மாலையில் லாயாங் லாயாங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், அம்மாவின் சாம்பாரில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக் கோலம் வரைக்கும் சிவப்பு ஸ்டிக்கர்தான். கடைசியில் அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“போய் செடிக்குத் தண்ணி ஊத்துடா. நீ என்ன சொன்னாலும் அது கேட்டுக்கிட்டு நிக்கும்.”

அப்படிச் செடி வளர்க்கப் போய்த்தான் ‘ஜொகூர் வீட்டுத் தோட்டம்’ என்ற இணையக் குழுவில் சேர்ந்தேன். குளுவாங்கில் பள்ளி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சரோஜா அக்கா தொடங்கிய குழு அது. எவ்வளவு நல்ல மனிதர்கள் இருந்தார்கள் அங்கே! தன் பாகற்காய்க்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துத் தினமும் படம் போடும் ஒரு வாத்தியார். யார் தண்ணீர் ஊற்ற மறந்தது என்று குழுவிலேயே சண்டை போடும் ஒரு கணவன் மனைவி (இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் எழுதினார்களாம்). முருங்கைக் குச்சி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், மறுநாளே யாராவது பேருந்தில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இன்றும் அந்தக் குழுவை நினைத்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வருகிறது. அப்போது அந்த அருமை எனக்குத் தெரியவில்லை. நான் கீறல் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மல்லிகைச் செடிக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றலாமா என்பதில் பெரிய தகராறு. இரண்டு தரப்புக்கும் நோகாமல் நான் ஒரு நீளமான தீர்ப்பு எழுதினேன். மறுநாள் சரோஜா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க நல்லா நிதானமா பேசுறீங்க.” (இதை இன்றுவரை என் மனைவி நம்ப மறுக்கிறாள்.) “கொஞ்சம் குழுவைப் பார்த்துக்கிறீங்களா? யாரும் சண்டை போட்டுக்காம இருந்தா போதும் லா, வேற ஒண்ணும் வேணாம்.”

என் பெயருக்குப் பக்கத்தில் ‘மட்டுறுத்துநர்’ என்று வந்தது. அதைக் கண்ணாடி முன் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். சரோஜா அக்கா வைத்திருந்த விதிகள் மூன்று. ஒரு வாரத்தில் அவற்றை இருபத்தாறு ஆக்கினேன். மங்கலான படம் போடக் கூடாது. அடுத்தவர் செடியைச் செத்துப்போச்சு என்று சொல்லக் கூடாது. கத்தரிக்காய்க்குக் கீழே வெண்டைக்காய் பற்றிப் பேசக் கூடாது. எந்தப் பதிவும் என் அனுமதி இல்லாமல் வெளிவராது. வாத்தியாரின் பாகற்காய் மூன்று நாள் காத்திருப்பில் கிடந்து, படத்திலேயே பழுத்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. நான் அசையவில்லை.

இதற்கிடையில் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். தரப் பரிசோதகன் என்றால் கோயிலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “என் மவன் மொடரேட்டர்” என்றதும் தலைகள் திரும்பின.

“அது என்ன வேலைங்க?”

“ஆயிரக்கணக்கான பேரு அவன் கையிலதான். அவன் சரின்னு சொன்னாதான் எதுவும் நடக்கும்.”

சாஆவில் இருக்கும் என் சித்திதான் சிகாமட்டில் இருந்து ஒரு வரன் கொண்டு வந்தார். பெண் பெயர் புவனா, பல் மருத்துவமனையில் நர்ஸ். புகைப்படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஒட்டுவதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றுகூட கைக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. என் படமும் அவர்களுக்குப் போனது.

“படம் ஓகேயாம்டா,” என்றார் சித்தி. “குணம் எப்படின்னு கொஞ்சம் விசாரிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாங்க.”

விசாரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், கோயிலில் விசாரிப்பார்கள், அதுதானே வழக்கம்?

அந்த வாரம்தான் கடவுள்கள் வரத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை ஒரு பிள்ளையார் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை முருகனும் லட்சுமியும். புதன்கிழமைக்குள் ஏழெட்டு தெய்வங்கள். யாருக்கும் முகம் இல்லை, எல்லோரும் சாமி படம். எல்லோருக்கும் ஊர் சிகாமட். ஒருவர் எழுதினால் மற்ற அத்தனை பேரும் ஓடிவந்து கைகூப்பினார்கள். கேட்ட கேள்விகளோ!

என் தக்காளிப் பதிவின் கீழே பிள்ளையார் கேட்டார்: “செடி காய்க்கலன்னா தம்பிக்குக் கோவம் வருமா?”

முருகன்: “காலி பீர் பாட்டிலில் செடி வளர்க்கலாமா? உங்க வீட்டில் அந்த மாதிரி பாட்டில் நிறைய இருக்குமா?”

லட்சுமி: “பாகற்காய் குழம்பு வச்சா சாப்பிடுவீங்களா, இல்ல முகத்தச் சுளிப்பீங்களா?”

சிகாமட் என்று பார்த்ததும் என் மூளையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பதவியில் இருக்கிறவன் காதில் மணி விழாது. ஏதோ மோசடிக் கும்பல் குழுவைக் கைப்பற்ற வந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். பிள்ளையாரை முதலில் குழுவில் இருந்து தூக்கினேன் (எதையும் அவரை வைத்துத்தானே தொடங்குவோம்). அடுத்து லட்சுமி, முருகன், மற்றவர்கள். முருகன் வேறு பெயரில், அதே படத்தோடு, மறுநாள் திரும்பி வந்தார். மறுபடியும் தூக்கினேன். பிறகு ஓர் அறிவிப்பு எழுதி உச்சியில் ஒட்டினேன்.

‘சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிகாமட் கும்பலுக்கு இறுதி எச்சரிக்கை. முகம் காட்டாதவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் இடம் இல்லை.’

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன். சரோஜா அக்கா மட்டும் கீழே எழுதினார்: “தம்பி, இது செடி குழுதானே?”

மிச்சம் இருந்தவர் மாரியம்மன். அவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: “என் கறிவேப்பிலை மஞ்சளாகுது தம்பி. என்ன செய்யலாம்?” அதைப் படிக்கவே இல்லை. படத்தைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன், தூக்கினேன். அவர் தனிச்செய்தியில் கேட்டார்: “நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி?” முகம் காட்டச் சொல்லி அந்தக் கடைசி வரியையே அவருக்கும் அனுப்பிவைத்தேன்.

(இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவில் என் படமாக இருந்தது ஒரு தக்காளி.)

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, சித்தியோடு சிகாமட் போனோம். ஆற்றுக்குப் பக்கத்து வீடு. வெள்ளத்துக்குப் பயந்து பூந்தொட்டிகளை எல்லாம் இடுப்பு உயர இரும்புச் சட்டங்களில் ஏற்றி வைத்திருந்தார்கள். கூடத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. புவனாவின் பெரிய மாமா என்னைப் பார்த்த பார்வையில், ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்க்கிற தோரணை இருந்தது.

அவர் கண்ணைத் தவிர்க்க, சுவரில் இருந்த சாமி மேடையைப் பார்த்தேன். முருகன் படம். வேலின் நுனியில் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் வெள்ளைப் புள்ளியாக நின்றது. சட்டத்தின் இடது மூலையில் ஒரு சிறு உடைசல். ஒரு கீறலைப் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காதவன் நான். அந்தப் புள்ளியையும் அந்த உடைசலையும் அந்த வாரத்தில் குழுவில் இரண்டு முறை பார்த்திருந்தேன். பக்கத்தில் அதே பிள்ளையார். அதற்கடுத்து அதே லட்சுமி. கடைசியில், பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் போட்ட அதே மாரியம்மன்.

அம்மா அந்த நேரம் பார்த்துத் தொடங்கினார்.

“எங்க ரவி ரொம்பக் கண்டிப்புங்க. இந்த வாரம்கூட யாரோ ரவுடிக் கும்பல் உள்ள வந்துட்டாங்களாம். எட்டுப் பேரு! ஒரே ஆளா நின்னு அத்தனை பேரையும் தூக்கிட்டான்!”

பெரிய மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒம்போது,” என்றார் பெரிய மாமா. “நான் ரெண்டு தடவை.”

“அலமாக்!” என்றார் சித்தி. குணம் விசாரிக்கக் குழுவின் பெயரை அவர்களுக்குச் சொல்லி அனுப்பியவரே சித்திதான். அதை என்னிடம் சொல்ல மறந்திருந்தார்.

புவனாவின் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“முகம் காட்டாதவங்களுக்கு இடம் இல்லன்னீங்க. இதான் தம்பி என் முகம்.”

எழுந்து நின்றேன். தேநீர் சட்டையில் கொட்டியது. “மன்னிச்சிடுங்க அத்தை” என்றேன், இன்னும் அத்தை ஆகாதவரைப் பார்த்து.

“முகத்தப் போட்டா தெரியாதவங்கள்லாம் வந்து கண்டதையும் பேசுறாங்க,” என்றார் அவர். “சாமி படம் இருந்தா மரியாதையா பேசுவாங்கன்னு நெனச்சேன்.”

வெட்கம் என்ற சொல்லை அதுவரை நான் சும்மா பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகக் கேட்டிருக்கிறார். நான் செடியைப் பார்க்கவில்லை. புவனா எனக்குக் கிடைக்கப் போவதில்லை என்று உறுதியாகிவிட்டது. அதைவிட, கிடைக்காததே நியாயம் என்றும் தோன்றியது.

அப்பா மெதுவாக எழுந்தார். “நாங்க கெளம்பறோம். எம்மவன் பண்ணது தப்புதாங்க.”

அப்போதுதான் உள்ளிருந்து புவனாவின் குரல் வந்தது. “ஒரு நிமிஷம் அங்கிள். நான் ஒண்ணு கேக்கணும்.” வெளியே வந்து என்னை நேராகப் பார்த்தாள். “உங்க படம் தக்காளிதானே? தக்காளிக்கு முகம் எந்தப் பக்கம்?”

முதலில் பிள்ளையார் சிரித்தார். அதாவது அவளுடைய அப்பா. பிறகு லட்சுமி. பெரிய மாமா சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. என் அம்மா எதுவும் புரியாமலே சேர்ந்து சிரித்தார். அத்தனைக்குப் பிறகும் இவர்கள் எங்களை வர வேண்டாம் என்று சொல்லாமல் விட்டதே, வீட்டையே விரட்டிய ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று புவனா பிடித்த பிடிவாதத்தால்தான் என்று பின்னால் தெரிந்தது.

“அந்தக் கறிவேப்பிலையைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். கேட்க வேறெதுவும் என்னிடம் இல்லை.

கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செடி மஞ்சளாக நின்றது. வாளியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். கீறல் இல்லை, குமிழ் இல்லை, குற்றம் சொல்ல முடியாத வாளி. அதுதான் வினை. தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லாமல் வேர் அழுகிக்கொண்டிருந்தது. பெரிய மாமா ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். கொட்டிய தேநீரும் சேறுமாக, பெண் பார்க்க வந்த சட்டையோடு ஐந்து துளை போட்டேன்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றார் புவனாவின் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வரனுக்குப் பதில் உடனே வரவில்லை. “காத்திருப்பில வச்சிருக்கோம்,” என்று புவனா செய்தி அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து, கறிவேப்பிலையில் துளிர் விட்ட படம் ஒன்று மாரியம்மனிடம் இருந்து வந்தது. கீழே ஒரே சொல்: “சரி.”

மட்டுறுத்துநர் பதவியைச் சரோஜா அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். இருபத்தாறு விதிகளும் மறுபடி மூன்றாயின. எங்கள் கல்யாணத்துக்கு வாத்தியார் பாகற்காய்க் கூடையோடு வந்தார், அளவுகோல் இல்லாமல். பிறகு ஒவ்வொருவராக வேறு வேறு பக்கம் போய்விட்டார்கள். சரோஜா அக்காவும் மகள் வீட்டோடு சிங்கப்பூர் போய்விட்டார். குழு இன்னும் இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. எப்போதாவது உள்ளே போய், பழைய பாகற்காய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது நான் இருப்பது என் மாமியார் வீட்டுக் குடும்பக் குழுவில். எட்டு தெய்வங்கள், ஒரு தக்காளி. படத்தை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டில் குறை சொன்னால் பெரிய மாமா உடனே என்னைத் தூக்கிவிடுவார். திரும்பச் சேர வேண்டுமானால் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: “தம்பிக்குக் கோவம் வருமா?” வராது என்று எழுதினால்தான் கதவு திறக்கும்.

ஒரே ஒரு முறைதான் அந்தக் கேள்வி வரவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள், பாயசத்தில் இனிப்பு கூடுதல் என்று சொல்லி நான் வெளியேற்றப்பட்டிருந்தேன். அன்று பகலில் சிகாமட்டில் ஆறு ஏறிவிட்டது. தொலைபேசி எடுக்கவில்லை. நானும் புவனாவும் பதறிக்கொண்டிருந்தபோது, கேள்வி எதுவும் இல்லாமல் அத்தை என்னைக் குழுவில் சேர்த்தார். எல்லோரும் உறவினர் வீட்டு மாடியில் இருக்கிறோம் என்று எழுதி, ஒரு படமும் போட்டிருந்தார். வெள்ளத்தில் இருந்து முதலில் தூக்கி வந்தவற்றை அங்கே ஓர் அலமாரியின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பிள்ளையார், லட்சுமி, உடைந்த மூலையோடு முருகன், மாரியம்மன், துளை போட்ட வாளியில் கறிவேப்பிலை. நடுவில் எங்கள் கல்யாணப் படம். அதில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது.

கீழே பெரிய மாமா எழுதியிருந்தார்: “தக்காளியும் பத்திரம்.”