உடையப்பனை விசாரிக்க வந்தவர்

"உடையப்பன்ங்கிறது யாரு? செத்த விசாரிக்கணும்" என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வாசலில் வந்து நின்றதும், அவன் ஆத்தாள் சுந்தரம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

பெண்வீட்டு ஆள்! செம்பட்டிக்காரர்கள் இப்படித்தான். பெண் கொடுக்குமுன் யாரையாவது அனுப்பித் துருவுவார்கள். வந்தவர் தான் யாரென்று சொல்லமாட்டார், நாமும் கேட்கக்கூடாது. கேட்டால் இவர்களிடம் ஏதோ கோளாறு என்று சம்பந்தமே முறிந்துவிடும்.

உடையப்பனுக்கோ இந்தச் சம்பந்தம் அமைந்தே ஆகவேண்டும். செம்பட்டிப் பெண் சண்முகவள்ளியை அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது ஒன்று. நிச்சயம் ஆகாமல் கப்பல் ஏறுவதில்லை என்று ஆத்தாள் அவனிடம் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தது இன்னொன்று. துருவத்துக்கு மேலே ஐம்பது மைல் உயரத்துக் காற்றை ஆராய்கிறவன் அவன். அறுபத்து நாலாம் வருஷம் அது. ஸ்வீடனின் வடகோடியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. மார்கழிக்குள் போய்ச் சேராவிட்டால் ஆறு வருஷ உழைப்பும் போச்சு.

அங்கே என்ன வேலை என்று வந்தவர் நோட்டைத் திறந்தார். உடையப்பன் உண்மையையே சொன்னான். ராக்கெட் விட்டு அளப்பார்களாம். பொழுதே விடியாத குளிர்காலத்தில் அந்த உயரத்தில் கதகதப்பு, பொழுதே சாயாத கோடையில் கொடுங்குளிர்.

ராக்கெட் என்றதுமே பென்சில் நின்றுவிட்டது. சுந்தரம்மாள் மகனை முறைத்தாள். கோடையில் குளிரும், மார்கழியில் கதகதக்கும் என்கிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

சரிக்கட்டப் பார்த்தான் உடையப்பன். ராக்கெட்டை அவர்கள் விடுவார்கள், தான் காற்றை மட்டும் பார்ப்பதாகச் சொன்னான். காத்தைப் பார்க்கவா கப்பலேறிப் போகணும் என்றார் வந்தவர். சுந்தரம்மாள் பேச்சை மாற்றக் கோழியடித்துக் குழம்பு வைத்தாள்.

சாப்பாட்டுக்கு நடுவிலும் கேள்வி நிற்கவில்லை. அடிதடி, கேசு ஏதும் உண்டா? எறும்பைக்கூட மிதிக்கமாட்டான் என்றாள். கட்சி? அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை என்றாள். செம்பட்டிக்காரர்கள் கறார்தான் என்று ஆத்தாளும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போனா எப்பத் திரும்பி வருவாரு?"

ஒரு வருஷம் என்று சொல்ல உடையப்பன் வாயெடுத்தான். அதுவரைக்கும் எந்தத் தகப்பன் காத்திருப்பான்? ஆத்தாள் முந்திக்கொண்டாள்.

"எங்கிட்டும் போகல தம்பி. அந்த நெனப்பையே விட்டுட்டான். இனி திண்டுக்கல்லுதான்."

"அப்படியா?"

உடையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். முதலில் நிச்சயம் முடியட்டும், பிறகு மாமனார் காலில் விழுந்தாவது கப்பல் ஏறிக்கொள்ளலாம்.

"ஆமாண்ணே. போகல."

"அப்பச் சோலி முடிஞ்சுது. அதையே ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

கையெழுத்துமா என்று உடையப்பனுக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுத்தான். வந்தவர் இன்னொரு துண்டு கோழியும் தின்றுவிட்டுச் சைக்கிள் ஏறினார். சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று சுந்தரம்மாள் பூரித்துப் போனாள்.

எதிர்வீட்டுத் தோல் வியாபாரி கிதர் முகம்மது, போகிறவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னக்கா, பாஸ்போர்ட்டு விசாரிக்க வாற சி.ஐ.டி.க்குப் போயி கோழியடிச்சுப் போட்டிருக்கீக? நான் மலேயா போறப்ப ஒரு டீயோட முடிச்சுட்டேனே."