நாலு விவரம் போதும் என்று கை தூக்கியவன் எழுதுவது

அன்புள்ள மருமகன் விமலனுக்கு,

கிள்ளானிலிருந்து உன் தாய்மாமன் தம்புசாமி சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ரஞ்சனி டீச்சர் எழுதுவது. நான் நலம், நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடிக்கிறார். சரி, நலம். நீ பெங்களூரில் பயிற்சி முடிந்து சைபர்ஜெயாவுக்குத் திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

உன் அத்தை போய்ப் பத்து நாளாகிறது. நீ வர முடியாமல் போனதற்கு எனக்குக் கோபமில்லை, விமானம் உன் அப்பன் வீட்டு லோரியா, நினைத்த நேரத்துக்குக் கிளப்ப? என் வழக்கெல்லாம் நம் மரண சகாய சங்கத்துக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராமோடுதான். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, நம் உறுப்பினர் திருச்செல்வம் காலமானார். உன் புரோகிராம் அனுப்பிய முதல் அறிவிப்பு அவருடையதுதான். சர்வர் கொடுத்ததை எல்லாம் அது அப்படியே கொட்டிவிட்டது. ரத்த வகை, சர்க்கரை நோய், கட்டுப் பல்லா சொந்தப் பல்லா என்பது வரைக்கும் வந்தது. கூடவே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்: காமாட்சி, காஜாங், உறவு மனைவி என்றும் வந்தது. கிள்ளானில் இருந்த மனைவிக்கு அந்தக் காமாட்சியைத் தெரியாது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு காமாட்சி மாலையோடு வந்து இறங்கினாள். "நீ யாரும்மா?" என்று இவள் கேட்க, "நீங்க யாருக்கா?" என்று அவள் கேட்க, பிரேதத்தை எடுக்க மூன்று மணி நேரம் தாமதமாயிற்று.

மறுவாரம் செயலாளர் ஜெயராஜ் அவசரக் கூட்டம் போட்டார். நீதான் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாய். "ஒரு ஆளப் பத்திக் கேட்டா சர்வர் மொத்தத்தையும் குடுத்துடும் மாமா. வேணும்கிறத மட்டும் எடுக்க நாம சொல்லணும். அவ்வளவுதான் வேல. எதெது வேணும், சொல்லுங்க" என்றாய். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போட்டோ வேண்டும் என்றார் ஒருவர், ஊர்ப் பேர் வேண்டும் என்றார் இன்னொருவர். அப்போது கை தூக்கிய மடையன் யார்? நான்தான். நாற்பது வருஷம் லோரியில் கெலிண்டானாக, டிரைவருக்குக் கையாளாக, சாமான் இறக்கியவன் நான், ஓர் எழுத்து படிக்கத் தெரியாமலே எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று அறுபத்திரண்டு கடைக்கும் தப்பாமல் போட்டவன், எனக்கா தெரியாது? "லோரி நெறைய சாமான் வரும் லா, அந்தக் கடைக்கு உள்ளத மட்டும் எறக்கு. பேரு, வயசு, எடம், நேரம். நாலு போதும். செத்தவனுக்கு எதுக்குப்பா பல்லு?" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நீ அங்கேயே உட்கார்ந்து நாலு வரி மாற்றினாய். அன்று வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

இப்போது கேள். அவள் போன அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. டீச்சர்தான் சங்கத்து ஆப்பில் அவளுடைய ஐ.சி. அடையாள அட்டை எண்ணை அடித்து விட்டார். தொள்ளாயிரம் பேர் போனுக்கும் ஒரே நொடியில் செய்தி போய்விட்டது என்றார். நானும் நாற்காலி போதாதே என்று கவலைப்பட்டு, கீழ்வீட்டில் இரவல் வாங்கி எண்பது நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது பதினோரு பேர். அதில் நாலு பேர் சங்கத்து வண்டிக்காரர்கள், அவர்கள் பிணத்துக்கு வந்தவர்கள், எங்களுக்கு வந்தவர்கள் இல்லை. ரெண்டு பேர் அம்பாங்கிலிருந்து வந்த பெண்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம நல்லம்மா இல்லையே அக்கா" என்றாள் ஒருத்தி. மற்றவள் என்னைப் பார்த்தாள், காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "யாரா இருந்தா என்ன, வந்தது வந்தாச்சு, அழுதுட்டுப் போவோம்" என்றாள். விமலா, அந்த ரெண்டு பேர் மட்டும்தான் உன் அத்தைக்கு வாய்விட்டு அழுதார்கள். யாரென்றே தெரியாதவளுக்கு அழுதார்கள். நான் போய் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

ஏன் யாரும் வரவில்லை என்று எனக்கு மறுவாரம்தான் விளங்கியது. அரிசிக் கடையில் ஜெயராஜைப் பார்த்தேன். "அண்ணே, சீனியக்கா சௌக்கியமா? கேட்டதா சொல்லுங்க. அன்னைக்கு யாரோ நல்லம்மாளாம், எழுபத்தொரு வயசாம், பாவம், ஆளே போவலையாம். நம்ம ஜனம் இப்படி ஆயிடுச்சே" என்றார். "ஜெயராஜு, அவதான்யா இவ" என்றேன். மனுஷன் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செய்திக்கு அவரும் கும்பிடு படம் போட்டிருந்தாராம்.

முப்பத்தெட்டு வருஷம் காலை பாசார் சந்தையில் இடியப்பம் விற்றவள். கேட்காமலே ஒரு கரண்டி சீனியைக் கூடப் போடுவாள், அதனால் சீனியக்கா. நல்லம்மாள் என்ற பேர் ஐ.சி.யிலும் கிளினிக் அட்டையிலும்தான் இருந்தது. கிளினிக்கில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள், நான்தான் இடிப்பேன். வீடும் போன வருஷம்தான் மாறினோம், இடத்தைப் பார்த்தும் யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் அவளைச் சங்கத்தில் சேர்த்த அன்று நான் எல்லாம் சொன்னேன், நீ எல்லாம் அடித்தாய். கூப்பிடும் பேர் சீனியக்கா, புருஷன் லோரி தம்புசாமி, இடியப்ப வியாபாரம், நீலச் சேலையில் ஒரு போட்டோ. அவ்வளவும் இன்னும் சர்வரில் பத்திரமாக இருக்கிறது என்று டீச்சர் சொல்கிறார். இருந்து என்ன பிரயோஜனம்? நாலு சாமானை இறக்கிவிட்டு லோரி போய்விட்டது. என் பெண்டாட்டி லோரியிலேயே நின்றுவிட்டாள்.

ஆகவே மருமகனே, அடுத்த செவ்வாய்க்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்குள் அந்த நாலு வரியில் ஐந்தாவதாகக் கூப்பிடும் பேரையும், ஆறாவதாகப் புருஷன் பேரையும் சேர். போட்டோவையும் சேர். பல்லை மட்டும் விட்டுவிடு. நீ மாற்றியதும் புதிதாக அறிவிப்பு அனுப்ப ஜெயராஜ் காத்திருக்கிறார். எண்பது நாற்காலியும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, கீழ்வீட்டுக்காரர் கேட்கவில்லை, அவருக்கும் சங்கடம்.

உன் அம்மாவின் ரத்த அழுத்தத்தை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் ரெண்டும் நன்றாகப் படிக்கட்டும், கண்ணாடி போடும் அளவுக்கு வேண்டாம். முருகன் துணையிருப்பான். சாப்பாட்டு நேரத்திலாவது மீட்டிங்கை நிறுத்து.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
தம்புசாமி
(கைநாட்டு)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க இன்று காலை பாசார் பக்கம் போனேன்; சேர்க்காமலே திரும்பி வந்து டீச்சரை இதையும் எழுதச் சொல்கிறேன். தேங்காய்க் கடை குகன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். "அண்ணே, அக்கா எங்கண்ணே? ரெண்டு வாரமா ஆளக் காணோம். யேவாரத்த நிறுத்திட்டாங்களா?" என்றான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "முட்டி வலிடா. வீட்டுல படுத்திருக்கா" என்று வந்துவிட்டது. "தைலம் தேச்சு விடுங்கண்ணே. ஒங்க சமையல் தானா? அதான் எளச்சுட்டீங்க. நான் ஏசுனேன்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்று ஒரு தேங்காயைத் துருவிக் கையில் திணித்தான். சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வழியில் இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் முட்டி வலி என்றுதான் சொன்னேன். அதனால் விமலா, புரோகிராமில் கை வைக்காதே. செவ்வாய்க்கிழமைக்கும் அந்த நாலு விவரமே போகட்டும். ஜெயராஜிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன், அவருக்கு அது கஷ்டம்தான். நல்லம்மாள் போனது போனதுதான். பாசாரில் சீனியக்காவுக்கு முட்டி வலி மட்டும்தான். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.