ஹோல்ட் துரைக்குப் போட்ட பொன்னாடை

தெரிந்த விஷயத்தைப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரியாத விஷயம் என்றால் மடை திறந்துவிடும். போர்ட் பிளேரில் சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு இது ஒரு தொழில் தகுதி. பயணிகள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் இதுவரை எவரையும் பதிலில்லாமல் இறக்கிவிட்டதில்லை.

அந்தத் தகுதிதான் என் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது.

சௌல்தாரிக்கு அந்தப் பக்கம் ஹோல்ட்கஞ்ச் என்று ஒரு சின்ன ஊர். (வரைபடத்தில் தேடாதீர்கள், மனசுதான் வருத்தப்படும்.) அங்கே இருந்த கருப்பையா என்ற காண்ட்ராக்டரின் மகள் மலர்விழியைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பெண் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவளுக்கும் என்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை என்று என் அத்தை விசாரித்துச் சொன்னாள். இடையில் நின்றவர் கருப்பையா மட்டும்தான்.

"பையன் நல்ல பையன்தேன். ஆனா வண்டி ஓட்டுறாப்ல. மெயின்லேண்ட்ல இருந்து ஒரு கவர்மெண்ட் வரனும் வந்திருக்கு. ஊர்ல நாலு பேர் மதிக்கிற மாதிரி இருந்தா யோசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாலு பேர் மதிக்கிற மாதிரி என்ன செய்வது என்று என் பேட்டையான ஜங்லிகாட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தபோதுதான் போன் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். பறவை பார்க்க வருகிறாராம், வண்டி வேண்டுமாம். பெயர் கேட்டேன். ஹோல்ட் என்றார்.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். எங்கள் தீவில் ஊருக்குப் பெயர் வந்த கதை சுலபமானது. எவரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து காட்டை வெட்டச் சொல்லியிருப்பார். அவர் பெயருக்குப் பின்னால் ஒரு கஞ்ச் அல்லது ஒரு ஆபாத் சேர்த்தால் ஊர் தயார். அப்படியென்றால் ஹோல்ட்கஞ்சை உண்டாக்கியவர் ஒரு ஹோல்ட். இப்போது வருகிறவரும் ஒரு ஹோல்ட். அவருடைய கொள்ளுப்பேரனாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? (அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றவில்லை.)

உடனே கருப்பையாவிடம் ஓடினேன். ஊரில் புதிதாகக் கட்டிய சமுதாயக் கூடத்தை யாரை வைத்துத் திறப்பது என்று அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"நெசமாவா? ஊரை உண்டாக்குன சாகிப்போட வாரிசா?"

"பக்கா. என் பொறுப்பு."

"கூட்டிட்டு வாங்க தம்பி. அன்னைக்கு அதே மேடையில தாம்பூலத்தையும் மாத்திருவோம்."

'தம்பி'க்கு முன்னால் 'வாங்க' வந்ததிலேயே நான் பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

ஹோல்ட் வந்து இறங்கினார். ரிட்டயர்டான பிளம்பர். சாதுவான மனிதர். அபூர்வப் பறவைகள் உள்ள ஒரு கிராமம் இருக்கிறது என்று சொல்லி அவரை வண்டியில் ஏற்றினேன். ஊர் எல்லையிலேயே பிளெக்ஸ் பேனர் எங்களைப் பிடித்துக்கொண்டது. 'எங்கள் ஊரின் கொள்ளுப்பேரனே வருக!' பேனருக்கு எடுத்த அவருடைய வாட்சப் படத்தில் நாயோடு இருந்தார். நாயை வெட்டி எடுத்ததில் அவர் தோளில் ஒரு காது மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் அவரைவிடப் பெரிதாகக் கருப்பையா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நான்தானே?" என்று கேட்டார் ஹோல்ட்.

"இந்த ஊரில் விருந்தாளிகள் எல்லோருக்கும் வைப்பார்கள்" என்றேன்.

பைனாகுலருக்கு மேலேயே மாலை விழுந்தது. அதற்கு மேல் பொன்னாடை. கருப்பையாவின் பக்கத்து வீட்டு வங்காளி தாதா (அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "ஹோல்ட் சாப் ஜிந்தாபாத்!" என்று கத்தினார். ஹோல்ட் கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டிவிட்டு, பறவை எங்கே என்பதுபோல் கூரையைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். கருப்பையா மைக்கை அவர் கையில் கொடுத்து, "நம்ம ஊர்ப் பேரோட சரித்திரத்தை நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார். மொழிபெயர்ப்பு நான். கூட்டத்தில் எல்லா பாஷைக்காரர்களும் இருந்ததால் இந்தியில் சொல்ல வேண்டும்.

ஹோல்ட் ஆசையாக ஆரம்பித்தார். தன் பெயரைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எனக்கு வேண்டிய சரித்திரம்தான் அதில் இல்லை.

"ஹோல்ட் என்றால் எங்கள் பழைய மொழியில் சின்னக் காடு" என்றார் அவர்.

"இங்கிருந்த பெரிய காட்டைத் திருத்தியவர் எங்கள் பாட்டன்" என்றேன் நான்.

"ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் அடையாளம் வேண்டாமா? தோப்போரம் குடியிருந்த ஜானை அக்கம்பக்கத்தார் ஜான் ஹோல்ட் என்றார்கள். யாரும் தானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை."

"அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் அவர் காலில் விழுந்தார்கள்."

"தோப்புக்குத் தோப்பு ஒரு ஹோல்ட் உண்டு. ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது. என் அப்பா பஸ் மெக்கானிக். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கப்பல், விமானம் ஏறியவனே நான்தான்."

"ஊர் ஊராக உள்ள ஹோல்ட் குடும்பங்கள் உங்களை நினைத்துக் கண்ணீர் விடுகின்றன."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது அடங்குவதற்குள் பெண்கள் வரிசையில் மலர்விழி எழுந்து நின்றாள்.

"அவர் அப்படிச் சொல்லலை" என்றாள்.

பிறகு அவர் சொன்னதை வரி விடாமல் இந்தியில் சொன்னாள். பாவி, எவ்வளவு அழகான இந்தி! பெண் போயிற்று, மானம் போயிற்று, மிச்சமிருக்கிற தொழிலும் நாளைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். வங்காளி தாதா முதலில் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. என்ன நடக்கிறது என்று புரியாமல் ஹோல்டும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவர் கருப்பையா ஒருவர்தான். தாம்பூலத் தட்டு அவர் கையில் அப்படியே இருந்தது.

"அரே பாபா, பஸ் மெக்கானிக் மகனுக்கா நான் பொன்னாடை போட்டேன்?" என்றவர், என்னைப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "இந்தப் பொய்க்காரனையா கட்டிக்கப் போற? கவர்மெண்ட் மாப்ளைக்குச் சொல்லி விடட்டுமா?"

மலர்விழி நிதானமாகச் சொன்னாள்: "இவருக்குப் பொய் சொல்லவே வரலைப்பா. வாயைத் திறந்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கவர்மெண்ட்காரர் சொன்னா எனக்குத் தெரியுமா?"

கருப்பையா தட்டை என் அத்தையிடம் நீட்டினார். ஹோல்ட் இரண்டு முறை வாங்கி மீன்குழம்பு சாப்பிட்டார். சாயங்காலம் ஊருக்குப் பின்னாலிருந்த காட்டில் அவர் தேடிவந்த பறவையே கிடைத்துவிட்டது. என் சேவைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு விமானம் ஏறினார்.

எனக்குத்தான் விமோசனம் இல்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் நான் சரவணன் இல்லை, ஹோல்ட் மாப்பிள்ளை. என் மகளைப் பள்ளி வேன்காரர் 'ஹோல்ட் பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார், அவளும் ஓடிப்போய் ஏறுகிறாள். போன மாதம் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, குடும்பப் பெயர் என்ன என்று கவுண்டரில் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அந்தக் கழுதை முந்திக்கொண்டாள். இன்னும் நூறு வருஷம் கழித்து எவனாவது ஒரு வண்டிக்காரன் என் கொள்ளுப்பேரனுக்குப் பொன்னாடை போடாமல் விடப்போவதில்லை.